வீட்டுத் தாக்க ஆய்வு

தண்ணீர் வாரியத்தில் எதையும் ஆராயாமல் அசைக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஆராயாமல் அணை கட்டி, சில ஊர்கள் மூழ்கி, பெரிய ரகளையாகிவிட்டது. அதற்குப் பிறகு தாக்க ஆய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அணை கட்டுவது பிற்பாடு அடியோடு நின்றுபோயிற்று, குழு நிற்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் ஆய்வு. கேண்டீனை மாடியிலிருந்து கீழே இறக்க ஆய்வு. கணக்குப் பிரிவின் சுவர்க் கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டலாமா என்று ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வு முடியும்வரை கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுக்க அந்தப் பிரிவில் ஒருவர்கூட நேரத்துக்கு வரவில்லை. ஆகவே கடிகாரத்தை நகர்த்தினால் ஒழுங்கு கெடும் என்று அறிக்கை வந்தது, கடிகாரம் பழைய ஆணிக்கே திரும்பியது. அந்த அறிக்கையை இன்றும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

பெண்களின் முன்னேற்றமும் இந்தக் குழுவிடம்தான் வந்து சேர்ந்தது. தலைமையகத்தின் மேல் மாடிகளில் எந்தப் பெண்ணுக்கும் அறை கிடையாது, துடைக்கப் போகிறவர்கள் மட்டும் போய் வருவார்கள். ஆண்டுவிழாப் புகைப்படத்தில் இது பளிச்சென்று தெரிந்து மேலிடத்துக்குச் சங்கடமாகிவிட்டது. உடனே மாநாடு கூட்டினார்கள். மாநாட்டுக்குப் பெண் ஊழியர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வாசலில் நின்று வரவேற்றார்கள், மீதிப் பேர் தேநீர் கொடுத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் பெண்கள் ஏன் முன்னேறவில்லை என்று நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வீடு. ஒரு பெண்ணை மேலே தூக்கினால் அவள் வீடு கீழே விழுகிறது. அணை கட்டினால் ஊர் மூழ்குவதைப் போலத்தான் இதுவும். ஆகவே இனிமேல் எந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு கொடுப்பதாக இருந்தாலும், முதலில் அவள் வீட்டில் தாக்க ஆய்வு நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கைதட்டிக் கலைந்தார்கள்.

இந்தத் தீர்மானத்தின் கீழ் முதலில் வீட்டு ஆய்வுவரை போய் மாட்டிக்கொண்டவள் மோட்டாரம்மா.

பெரிய நீரேற்று நிலையத்தில் உதவிப் பொறியாளர். அந்தப் பெயரை வைத்தது பம்ப் கூடத்து ஆட்கள். மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை உண்டு, அங்கேயிருந்து பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும். அது நிலையத் தலைவரின் அறை. எந்த மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த அறையில் இருக்கிறவருக்கு மட்டும்தான். பழைய தலைவர் அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்றால், ஜன்னலைத் திறந்து, "ஏம்மா, நிறுத்தலாமா?" என்று கீழே பார்த்துக் கேட்பார். அவள் தலையாட்டினால் நிறுத்துவார். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த அறை தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சும்மா லேசான ஆசையல்ல, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கூடவே இருக்கிற ஆசை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பணியாளர் அதிகாரியிடம் போனாள். அவர் மேசைமேல் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதில் வாரியத்தின் ஆண் பொறியாளர்கள், வரைவாளர்கள் எல்லோரும் இருந்தார்கள். பண்டகசாலையில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் துணைப் பொறியாளர் இருந்தார், அவருக்குக் கொட்டாவி என்று பெயர். வரைபடப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் புருஷனும் இருந்தார். காலையில் ஒரே வண்டியில் வந்தவர், இதைப் பற்றி மூச்சு விடவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

இவர்கள் எல்லோரும் எப்போது விண்ணப்பித்தார்கள் என்று கேட்டாள்.

"அவங்க எதுக்கும்மா விண்ணப்பிக்கணும்?" என்றார் அதிகாரி. "ஆம்பளைன்னா ஆசை இருக்கும்னு வாரியம் எடுத்துக்குது. பொம்பளைங்க விஷயத்துல நாங்களா அப்படி ஊகிக்கக் கூடாது பாருங்க. அது உங்கள அவமதிக்கிற மாதிரி."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வேறென்ன சொல்வது?

ஆசையைப் பரிசோதிக்க ஒரு நேர்காணல் வைத்தார்கள். குழுத் தலைவர் நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். பக்கத்தில் வண்டல் நிபுணர். அணைகளில் எவ்வளவு மண் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், அணை இல்லாமல் போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் அதில் எவ்வளவு சேரும் என்றே யோசிப்பார். ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்துக்காரி. குழுவில் பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி, குறிப்பெடுக்கிற பெண்ணையே உறுப்பினராகவும் கணக்கில் காட்டிவிட்டார்கள். இரண்டு வேலையும் ஒரே சம்பளத்தில் நடந்தது.

"இந்தப் பதவி மேல உங்களுக்கு ஆசை இருக்காம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"இருக்கு சார்."

தலைவரும் நிபுணரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போன தடவை வேறொரு அம்மா, குடுத்தா பார்க்கலாம்னு சொன்னாங்க. ஆர்வமில்லைன்னு எழுதினோம். நீங்க என்னடான்னா பட்டுன்னு இருக்குங்கறீங்க. பேராசைன்னு எழுத எனக்கே மனசு வரல. அளவா ஆசைப்படணும்மா" என்றார் தலைவர்.

அளவு எவ்வளவு என்று கேட்டாள்.

"அது சொன்னா வராது. பார்த்தாத் தெரியும்."

அடுத்து அவள் புருஷனைக் கூப்பிட்டார்கள். பட்டியலில் இருப்பதே அவருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். வரைவாளர் சாதுவான ஆள். நாள் முழுக்கக் குழாய்ப் பாதைகளின் வரைபடத்தில் மெல்லிய நீலக் கோடுகள் போடுவார், ஐந்து மணி அடித்தால் பேனாவை மூடிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போவார். அதைத் தவிர வாழ்க்கையில் அவருக்கு வேறு திட்டம் இல்லை. ஆசை இருக்கிறதா என்று கேட்டதும், சத்தியமாக இல்லை, இந்த வேலை என் மனைவிக்குக் கொடுங்கள், அவள்தான் பொருத்தம் என்றார். தன்னடக்கம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர். சற்று யோசித்து, பெருந்தன்மை என்பதையும் சேர்க்கச் சொன்னார்.

அடுத்தது வீடு.

அவர்கள் வீட்டில் சமையல் வரைவாளருடையது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்குச் சமைக்க வராது, அவருக்கு வரும், அவ்வளவுதான். ஒரு வெங்காயத்தை நறுக்க உட்கார்ந்தால் உலகத்தை மறந்துவிடுவார். துணி துவைப்பது, கணக்குவழக்கு, ரிப்பேர் வேலை அவள் பொறுப்பு. இப்படி ஒரு வீடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குழு வருகிற அன்று என்ன செய்வது என்று இருவரும் பேசினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம், அதிலென்ன தப்பு என்றார் அவர். அவளுக்கும் அதிலென்ன தப்பு என்று பிடிபடவில்லை, ஆனாலும் பயமாக இருந்தது.

குழு அளவுநாடாக்களோடும் சத்தம் அளக்கிற ஒரு கருவியோடும் வந்து இறங்கியது. அடுப்புக்கும் மகளின் படிப்பு மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். மகளின் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வண்டல் நிபுணர் அழுக்குத்துணிக் கூடையைக் கண்டதும் முகம் மலர்ந்து அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த அம்மா இன்னும் தாமதமாக வீடு திரும்பினால் கூடை எப்போது நிரம்பும், நிரம்பி வழிந்து எப்போது படுக்கையறைக் கதவை அடைக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த நாள் வந்தால் குடும்பத்தார் வெளியே வர ஜன்னல்தான் வழி என்று கவலையோடு சொன்னார்.

அதற்குள் சுருக்கெழுத்துக்காரி சமையலறைக்குள் வந்தாள். ஆண்கள் சமையலறைக்குள் நுழையக் கூச்சப்படுவார்கள் என்பதால் அந்தப் பகுதியின் ஆய்வு பெண் உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வரைவாளர் அடுப்பருகே கரண்டியோடு நிற்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு மோட்டாரம்மாவின் காதருகே வந்தாள்.

"மேடம், கரண்டிய நீங்க வாங்கிக்கங்க. அவரு கையில பார்த்தாங்கன்னா எழுதிடுவாங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். பதவிக்காகக் கரண்டி பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது, இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். வரைவாளர் கூடத்தில் போய் உட்கார்ந்தார். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு குழம்பை அவளே கொண்டுவந்து பரிமாறினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது வண்டல் நிபுணரின் நாக்கு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் பொம்பளை கைப்பக்குவம் தனிதான். இந்த உருளைக்கிழங்கு உடையாம வெந்திருக்கு பாருங்க, இதெல்லாம் ஆம்பளைக்கு வருமா?" என்றார்.

தன் சமையலை அடுத்தவர் பேரில் எழுதுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எந்தச் சமையல்காரனாலும் முடியாது. வாழ்க்கையில் எதற்குமே ஆசைப்படாத மனிதருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரோஷம் இருந்தது. "அது தோலோட அரை வேக்காடு வெச்சு, ஆற விட்டு, அப்புறம் உரிக்கணும் சார்" என்றார். "நான்தான் சமைச்சேன்."

சத்தம் அளக்கிற கருவியின் முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படி?" என்று தலைவர் கேட்டார், நோயாளியிடம் கேட்கிற குரலில்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்தே. எனக்குப் பிடிக்கும் சார்."

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. மோட்டாரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்து, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூழ்நிலையை இலகுவாக்கத் தலைவர் மகளைக் கூப்பிட்டு, பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற வாண்டு, துளியும் யோசிக்கவில்லை.

"மோட்டார் நிறுத்தற ஆளு."

"ஓட்டற ஆளுன்னு சொல்லு, கண்ணு."

"ஓட்டறது யார் வேணா செய்யலாம். நிறுத்தறதுதான் கஷ்டம். சட்டுன்னு நிறுத்தினா குழாய் வெடிச்சிடும். அம்மா சொல்லிருக்காங்க."

தாயின் வேலை பிள்ளையின் மனதைப் பாதித்துள்ளது என்று எழுதிக்கொண்டார்கள்.

கடைசிக் கட்டம், பொதுமக்கள் கருத்துக் கேட்பு. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி நடத்தினார்கள். உறவினர் தரப்பில் நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், அண்ணிக்கு நல்லது செய்ய வேண்டும் என்றே லீவு போட்டுவிட்டு வந்தாள். எங்கள் அண்ணன் சின்ன வயதிலேயே அடுப்படியை விட்டு நகர மாட்டான், யாரும் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை, அண்ணி வந்த பிறகுதான் அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பாதிக்கப்பட்டவரின் உடன்பிறந்தவரே அடுப்படி, கொடுமை என்ற சொற்களைப் பயன்படுத்தினார் என்று குறிப்பில் ஏறியது. நீங்களும் பதவி உயர்வு வாங்கினீர்களா என்று அவளிடம் கேட்டார்கள். கொடுத்தார்கள், வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, பிள்ளைகளை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன் என்றாள். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. அண்ணி பக்கம் திரும்பாமலேயே போய் உட்கார்ந்தாள்.

பிறகு தலைவர் பேசினார்.

"இந்த வாரியம் பெண்களுக்கு எதிரி இல்லை. எங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க. என் மனைவி படிச்சவங்க, தங்கப் பதக்கம் வாங்கினவங்க. அந்தப் பதக்கத்தை எங்க வரவேற்பறையில எல்லாரும் பார்க்கற மாதிரி நானே கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கேன். வாரா வாரம் அவங்கதான் அதைத் துடைக்கறாங்க, வேற யாரையும் தொட விடறதில்லை. பெண்மையை மதிக்கறதுன்னா அது. இந்த அம்மாவுக்குப் பதவி குடுக்க எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனா ஒரு அப்பாவி மனுஷன் பாதிக்கப்படுவார்னு தெரிஞ்ச பிறகு, மனசாட்சி உள்ளவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?"

அவள் எழுந்து, அந்த அப்பாவி மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள் என்றாள். பாதிக்கப்பட்டவர்கள் பாதிப்பை உணராமல் இருப்பதுதான் பாதிப்பின் முற்றிய நிலை என்று வண்டல் நிபுணர் விளக்கினார். அணைக்காக மூழ்கிய ஊர்களிலும் கடைசிவரை ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்களாம்.

உத்தரவு வந்தது. அதைப் படித்தபோது மோட்டாரம்மா இரண்டு தடவை உறையைத் திருப்பி, இது தங்களுக்கு வந்ததுதானா என்று பார்த்தாள்.

அணை கட்டிய காலத்து விதி ஒன்று இன்னும் நடைமுறையில் இருந்தது. வாரியத்தின் திட்டத்தால் யாராவது பாதிக்கப்பட்டால், அவருக்கு நிவாரணமாக வாரியத்திலேயே ஒரு பதவி கொடுக்க வேண்டும். மோட்டாரம்மாவின் பதவி உயர்வு என்ற உத்தேசத் திட்டத்தால் பாதிக்கப்படுபவர் அவள் புருஷன். அந்தச் சமயத்தில் வாரியத்தில் காலியாக இருந்த பதவி ஒன்றே ஒன்றுதான். ஆகவே பெரிய நீரேற்று நிலையத்தின் தலைவராக வரைவாளர் நியமிக்கப்படுகிறார். நிவாரணம் வழங்கப்பட்டுவிட்டதால் காலியிடம் இல்லை, காலியிடம் இல்லாததால் மோட்டாரம்மாவின் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.

அவர் பதவி ஏற்றால் அதே வீட்டில் என்ன பாதிப்பு என்று ஆராய்ந்தீர்களா என்று பணியாளர் அதிகாரியிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "ஆம்பளை வேலைக்குப் போறதுல வீட்டுக்கு என்னம்மா பாதிப்பு?"

வரைவாளர் குழுத் தலைவரிடம் போய், எனக்கு வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினார். யார் சொல்லிக்கொடுத்து வந்தீர்கள் என்று தலைவர் பரிவோடு கேட்டார். வீட்டில் நெருக்கடி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ரகசியமாக வைத்துக்கொள்கிறோம் என்றார். அப்படியும் மறுத்தால் பட்டியலில் அடுத்த ஆள் கொட்டாவி என்றும் சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் அவர் காய்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்தார். சமையலறை முக்காலிகளில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"கொட்டாவிகிட்ட போச்சுன்னா ஒரு வாரத்துல மோட்டார எரிச்சிடுவான்" என்றாள். "நீங்களே எடுத்துக்கங்க. கீழ இருந்து நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு எம்மேல கோவமா?"

"ஆமா."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"அது இல்ல. நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல உங்களுக்குக் குடுக்கறாங்க. நான் வேணும் வேணும்னு கேட்டுக் கேட்டு இங்க உக்காந்திருக்கேன். யார் மேல கோவப்படறதுன்னு தெரியல, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

அழுதது அவர்தான்.

அவர் கண்ணாடி அறைக்குப் போனார். முதல் சில மாதம் ஜன்னலைத் திறந்து கீழே பார்ப்பார், அவள் தலையாட்டுவாள், நிறுத்துவார். பழைய தலைவர் செய்ததும் அதுதானே, வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் நிலையத் தலைவர் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியாது. தலைமையகத்து மேல் மாடிக்காரர்கள் வீட்டுக்குப் போகும்வரை கீழே இருக்கிறவர்கள் விளக்கெரிய உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குப் பெயர் ஈடுபாடு. போதாததற்குக் கூட்டம், கூட்டத்துக்குப் பிறகு விருந்து. வீட்டுக்கு வரும்போது மனிதர் துவண்டுபோய் வருவார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை. பம்ப் கூடத்து வேலையும் நினைத்த நேரத்துக்குப் போட்டுவிட்டுப் போகிற வேலையில்லை. யாராவது ஒருவர் ஐந்து மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தது. வாரியத்தில் ஐந்து மணிக்குக் கிளம்பக்கூடிய நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது, வரைபடப் பிரிவில், அவள் புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதைக் கேட்டதும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். எந்த ஆய்வும் இல்லை.

இப்போது அவள் மெல்லிய நீலக் கோடுகள் போடுகிறாள். கோடு நேராக வருவதில்லை. வீட்டில் சமைக்கிறாள், சமையலும் வருவதில்லை. உருளைக்கிழங்கு ஒன்று வேகாது, இல்லையென்றால் கரைந்துவிடும். அவள் பாட்டுக்கு எரிந்து விழுகிறாள், மகள் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள், அழுக்குத்துணிக் கூடை வழிந்து தரையில் கிடக்கிறது. புருஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை வாசலில் வந்து நிற்பார். நான் செய்யட்டுமா என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும்.

ஒரு வருடம் கழிந்ததும் குழு மறுபடி வந்தது. அணை கட்டிய பிறகு ஒருதடவை போய்ப் பார்ப்பது போல, இதற்கும் பின்தொடர் ஆய்வு என்று ஒன்று உண்டாம். வரைவாளர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மோட்டாரம்மா கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து கருகல் நாற்றம் அடித்தது. மகள் காய்ச்சலோடு சோபாவில் படுத்திருந்தாள். வண்டல் நிபுணர் படுக்கையறைப் பக்கம் போனார். கதவுக்குக் குறுக்கே துணி குவிந்து கிடப்பதைக் கண்டு, பழைய சிநேகிதனைப் பார்த்தவர் போல நின்றார்.

குழுத் தலைவர் பழைய அறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "துணி சேரும்னு சொன்னோம், சேர்ந்திருக்கு. பிள்ளை உடம்பு கெடும்னோம், கெட்டிருக்கு. சாப்பாடு, சத்தம், எல்லாமே. ஒரு வரி பிசகல. இத்தனை வருஷ சர்வீஸ்ல எங்க கணிப்பு இப்படிப் பலிச்சதே இல்லம்மா."

"சார்," என்றாள் மோட்டாரம்மா. கரண்டி கையிலேயே இருந்தது. "பதவி எனக்குக் குடுக்கல. அவருக்குத்தான் குடுத்தீங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் தலைவர். "உங்களுக்குக் குடுக்காதப்பவே இவ்வளவுன்னா, குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இந்த அறிக்கையை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பப் போகிறோம், கடிகார அறிக்கைக்குப் பிறகு இதுதான் வாரியத்தின் பெருமை என்றார். கிளம்புவதற்கு முன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

"என்ன கண்ணு, பெரியவளாகி என்ன ஆகப் போற? இன்னும் அந்த மோட்டார்தானா?"

வாண்டு இந்தத் தடவை யோசித்தது. கையில் கரண்டியோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தது.

"முதல்ல ஆம்பளை ஆகணும்" என்றது. "அப்புறம் மோட்டார் நிறுத்தற ஆளு."

வண்டல் நிபுணர் விழுந்து விழுந்து சிரித்தார். தலைவரும் சிரித்து, மோட்டாரம்மாவின் பக்கம் திரும்பி, "பாருங்கம்மா, இது அளவான ஆசை" என்றார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"எழுதிட்டேன் சார்" என்றாள் சுருக்கெழுத்துக்காரி. பேனா மூடியே இருந்தது. அவர்கள் குடித்து வைத்த காலிக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மோட்டாரம்மா அதற்குள் அங்கே வந்து, சுவரைப் பார்த்து நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கூடத்தில் இருக்கும் சத்தம் அளக்கிற கருவி அதையும் அளந்துவிடக் கூடாது. சுருக்கெழுத்துக்காரி குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவத் தொடங்கினாள்.